அப்பா குணப்படுத்திய காது

என் இடது காது செத்துப் பல வருஷமாகிறது. எங்கள் தெருவில் மட்டும் அது இன்னும் குணமான காது. யாராவது காதைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அப்பா முதலில் அவர்களை உட்காரச் சொல்வார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார், அப்புறம் என்னைத் தேடுவார். நான் வீட்டிலிருந்தால் தொலைந்தேன். "இந்தா, இவனையே கேளுங்களேன். சின்னப் புள்ளையில துடியாத் துடிச்சான். ஒரே தடவதான் புழிஞ்சு விட்டேன். விடியறதுக்குள்ள வலி போன எடம் தெரியல" என்பார். வந்தவர்கள் என் காதை உற்றுப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதற்கென்ன, மற்றக் காதைப் போலத்தான் இருக்கும். மடல் இருக்கிறது, துளை இருக்கிறது, கண்ணாடி மாட்டினால் நிற்கிறது. கேட்காது, அவ்வளவுதான்.

"அப்பா, இந்தக் காது எனக்குக் கேக்காதுப்பா" என்று வந்தவர்கள் முன்னாலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். "அது பின்னாடி ஆபரேஷன் பண்ணுனதால" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான் குரலை உயர்த்தினால் வந்தவர்கள் சங்கடப்பட்டு எழுந்துகொள்வார்கள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சுவாள். ஆக, என் காதைப் பற்றிப் பேச என்னைத் தவிர எல்லாருக்கும் உரிமை உண்டு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எருக்கிலை வைத்தியம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையில் எருக்கஞ்செடி வேண்டிய மட்டும் கிடக்கிறது. பச்சை இலை ஆகாது. செடியிலேயே பழுத்து மஞ்சளான இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பறிக்கப் போகிறவர் போய்த் திரும்பும் வரை யாரோடும் பேசக் கூடாது. இலையில் நெய்யைத் தடவி, அனலில் காட்டி வாட்டி, சுருட்டிப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். அதைக் காதுக்குள் விட வேண்டும். அப்பாவுக்குக் கைராசி என்று பேர். சைக்கிளில் வருவார்கள், பைக்கில் வருவார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு கூட வருவார்கள். அப்பா காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு கூட வேண்டாம் என்பார். அதனாலேயே அவரை யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. காசு வாங்குகிறவன் கெடுத்தால் சட்டையைப் பிடிக்கலாம். இனாமாகக் கெடுக்கிறவரை என்ன செய்வது?

எனக்கு வலி வந்தது ஆறாவது படிக்கும்போது. கோடை விடுமுறையில் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் நாளெல்லாம் ஊறிக் கிடந்ததில் சளி பிடித்தது. சளி காதுக்குப் போனது. அந்த வலியை நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. காதுக்குள் யாரோ உட்கார்ந்து உள்ளிருந்து வெளியே தள்ளுவது போல இருந்தது. தெருவில் வாய் உள்ளவர்களிடமெல்லாம் ஒரு மருந்தும் இருந்தது. ஒருத்தி பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் துளசிச் சாறு என்றார். காய்ந்த மிளகாயின் விதையை எடுத்துவிட்டு அதற்குள் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சச் சொன்ன புண்ணியவதியும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர் ஒருத்தர் இல்லை. பஸ் ஏறினால் திருவாரூர். பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

அப்பா எருக்கிலை பறித்துக்கொண்டு வந்தார். பேசாமல் போனார், பேசாமல் வந்தார். அம்மா என் தலையைத் தன் தொடையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சாறு இறங்கியபோது நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் காதுக்குள் ஏதோ பட்டென்று விட்டது. வெதுவெதுப்பாகக் கன்னத்தில் வழிந்தது. வலி நின்றுவிட்டது. அப்படியே, அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். எழுந்தபோது தலையணை நனைந்து நாறிக் கிடந்தது. வீட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. "கெட்ட தண்ணி வெளிய வந்துருச்சு, இனிமே கவலையில்ல" என்றார் அப்பா. அம்மா பால் பாயசம் வைத்தாள்.

அந்தக் கெட்ட தண்ணீர் அதற்கப்புறம் நிற்கவேயில்லை. வரும், கொஞ்ச நாள் காயும், மறுபடி வரும். வந்தபோதெல்லாம் அப்பா இலை பறிக்கப் போனார். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். வாத்தியார் கேட்ட கேள்விக்குத் திருதிருவென்று விழித்ததற்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. திமிர் பிடித்தவன், கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்று ஊரில் பேர் எடுத்தேன். வீட்டில் யாருக்கும் அது காதோடு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றவில்லை. காதுதான் குணமாகிவிட்டதே!

படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் பக்கத்திலேயே உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை ஒன்றை ஆரம்பித்திருந்த சமயம். பைக்கில் போய்க்கொண்டிருந்தவன் கிறுகிறுவென்று தலை சுற்றி வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டேன். தண்ணீர் குறைவாக இருந்ததால் பிழைத்தேன். அதற்கப்புறம்தான் தஞ்சாவூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். அந்தம்மா மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டுப் பக்கத்திலிருந்த திரையில் காட்டினார். காதின் ஜவ்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்து தெரிந்தது. அதற்குள் வெள்ளையாக என்னவோ அடைந்து கிடந்தது.

"மொதல்ல வலி வந்தப்ப எப்படி நின்னுச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். இலையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தினமும் கேட்கிற கதை போலத் தலையாட்டிக்கொண்டார். "உள்ள சீழ் அடைச்சு அழுத்தம் கூடறப்பதான் அந்த வலி. ஜவ்வு கிழிஞ்சா சீழ் வெளிய வந்துரும். அழுத்தம் போயிரும். வலியும் போயிரும்" என்றார்.

"இலைச்சாறு விட்டதாலதான் கிழிஞ்சுதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. விடாட்டியும் கிழிஞ்சிருக்கலாம். ஆனா அப்பவே வந்து மருந்து எடுத்துக்கிட்டு, காதுல தண்ணி படாமப் பாத்துக்கிட்டா நெறையப் பேருக்குத் தானா மூடிக்கும். நீங்க ஓட்டைக் காதுல வருஷக் கணக்கா எதையாவது ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. இப்ப உள்ள எலும்பையே அரிச்சிருச்சு. மூளைப் பக்கம் போறதுக்குள்ள எடுத்தாகணும். கேட்கற தெறன் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

கிழிந்த நேரத்தைக் குணமான நேரம் என்று நினைத்துப் பாயசம் வைத்தோம். இதை அந்த அறையில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. அப்பா எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி விட்டிருப்பார்? அதில் எத்தனை பேருக்குப் பட்டென்று விட்டு வலி நின்றிருக்கும்? அவர்களெல்லாம் நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள். அப்புறம் காது மந்தமானதை யார் எருக்கிலையோடு சேர்த்துப் பார்த்தார்கள்? தானாகவே சரியாகக்கூடிய வலிகள் தானாகவே சரியாயின. அதுவும் அப்பா கணக்கில்தான் சேர்ந்தது. வலி நின்றால் இலை. கேட்காமல் போனால் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து, தலையைச் சுற்றிக் கட்டோடு நான் படுத்திருந்தபோது அப்பா இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவங்க அப்படித்தாண்டா சொல்லுவாங்க. கத்தி வெச்சுட்டாங்கல்ல, இனிமே எங்க கேக்கப் போவுது" என்றார். ஆபரேஷனுக்கு முன்பும் கேட்கவில்லை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

இதே அப்பா வயலில் வேறு ஆள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. சம்பாப் பயிரில் புகையான் பூச்சி கண்ணில் பட்டால் போதும், அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வரும். "டேய், தூர்ல பழுப்பாத் தெரியுது, போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. என்ன மருந்து, எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு?" என்பார். வேளாண்மை ஆபீசரையும் விட மாட்டார். நாற்றில் ஒரு இலை மஞ்சளானால் தூக்கம் போய்விடும். பசுமாடு ஒரு வேளை தவிடு தின்னவில்லையென்றால் மாட்டு டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மாட்டின் காதில் அவர் ஒரு நாளும் எருக்கஞ்சாறு விட்டதில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "மாட்டுக்குப் போய் யாராவது அதெல்லாம் பண்ணுவாங்களா, கண்ணு கிண்ணுல பட்டுச்சுன்னா என்னாவறது" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகிறவர். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

என் தங்கையைச் சீர்காழிப் பக்கம் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. அவர்களுக்கு ஒரே பெண். மொட்டையடித்துக் காது குத்துவது, மாப்பிள்ளை லீவு கிடைத்து வர முடியாமல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தும் குத்தாத காதோடு இருந்தது பிள்ளை. ஒருவழியாக வைகாசியில் லீவு கிடைத்தது. அவர்களுடைய குலதெய்வக் கோயில் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில்தான் இருக்கிறது. அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையும் அடிக்க வேண்டும், காதும் குத்த வேண்டும். கம்மலும் பட்டுப்பாவாடையும் வாங்கி வைத்துக்கொண்டு நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

தங்கை முன்கூட்டியே பிள்ளையோடு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே நான் பார்த்தேன். பிள்ளைக்கு யாரோ போன் பேசக் கொடுத்தார்கள். அது இடது காதில் வைத்தது, ஒரு நொடி நின்றது, பிறகு தானாகவே வலது காதுக்கு மாற்றிக்கொண்டது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த மாற்றலை நான் பல ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். பிள்ளை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடப்பக்கமாகப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலப்பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். "என்ன மாமா?" என்று திரும்பியது. பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களே, அதே நாற்றம்.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது போன மாசம் ஒருநாள் காது வலின்னு அழுதுச்சுண்ணே. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இலையக் காட்டச் சொல்லி, இன்னும் பழுத்ததாப் பாருன்னு அப்பா சொல்லச் சொல்லப் புழிஞ்சு விட்டேன். மறுநாளே வலி நின்னுருச்சு" என்றாள். முகத்தில் அப்படியொரு பெருமை.

"அதுக்கப்பறம் ஒழுவுதா?"

"கொஞ்சமா வருது. கெட்ட தண்ணிதானே, போகட்டும்னு தொடச்சு விடறேன்."

"டிவி சத்தத்த ஏன் இவ்வளவு வெச்சிருக்கு? கூப்பிட்டா ஏன் திரும்பல?"

"அது பிடிவாதம்ண்ணே. அவங்க அப்பா மாதிரி."

என் தங்கை காலேஜில் படித்தவள். நான் காதில் பஞ்சோடு அலைந்தபோது அதே வீட்டில் வளர்ந்தவள். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். ஜவ்வு கிழிந்திருக்கிறது, நாளைக்கே தஞ்சாவூர் போகலாம், தலையில் தண்ணீர் ஊற்றாதே என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், "உனக்கும் அப்பா இதைத்தானே பண்ணுனாரு, உனக்குச் சரியாப் போச்சே? ஆபரேஷன் பண்ணிக்கிட்டப்பறந்தானே கேக்காமப் போச்சு?"

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அப்பா வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, என் கூடப் பிறந்தவளே அந்தக் கதையைத்தான் நம்பியிருக்கிறாள். என் காதை வைத்துக்கொண்டு நான் சொல்வது பொய், ஊரெல்லாம் சொல்வது நிஜம். அப்பா உள்ளே வந்து, "விசேஷ வீட்ல அபசகுனமாப் பேசாத. விசேஷம் முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டணும்னா காட்டிக்கலாம்" என்றார். மாப்பிள்ளை வந்திறங்கினார். அவரிடமும் சொன்னேன். "முடிச்சுட்டுப் பாத்துக்கலாம் மச்சான், நான் இருக்கப் போறதே கொஞ்ச நாள்தான்" என்றார். முடிக்கிறது என்றால் என்ன? மொட்டையடித்ததும் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். அந்தக் காதுக்குள் குளத்துத் தண்ணீர் போகும். அப்புறம் சீழ் வடிகிற காதில் ஊசி. மறுநாள் விருந்து, அதற்கு மறுநாள் ஊருக்கு வழியனுப்பல். டாக்டரை எல்லாரும் மறந்துபோவார்கள். வலிதான் இல்லையே!

விசேஷத்தன்று காலையில் கோயிலில் நல்ல கூட்டம். பந்தல், மைக்செட், பிரியாணி அண்டா எல்லாம் இருந்தது. தட்டுத் தட்டாக மாமன் சீர் வரிசையாக வந்து இறங்கியது. மொட்டையடிக்கிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு தயாராக இருந்தார். காது குத்தும் ஆசாரி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மணையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நேரமாச்சு, உக்காருடா" என்றார் அப்பா.

"உக்கார மாட்டேன். புள்ளைய டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க. அப்பறம் என்னைக்குக் கூப்புட்டாலும் வந்து உக்காருறேன்."

மைக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தங்கையின் மாமனார் முகம் கறுத்துப்போனது. "என்ன சம்பந்தி இது, சபையக் கூட்டி வெச்சு அவமானப்படுத்தறீங்களா?" என்று எழுந்துவிட்டார். சீரில் குறை வைத்துவிட்டு நான் சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு. என்னால் வாயை அடக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக வாசலில் வந்தவர்கள் முன்னால் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. "காது குத்தணும்னு வந்திருக்கீங்களே, அந்தக் காது கேக்குதான்னு இங்க ஒருத்தராவது பாத்தீங்களா? தங்கம் மாட்டத்தான் காதா?" என்று கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "சபையில என் மானத்த வாங்காதடா" என்றார். கையை உதறினேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார். அதை நினைத்து வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை.

"சரி விடுங்க, சித்தப்பா பையன் இருக்கான்ல, அவனும் மாமன் முறைதானே, அவன உக்கார வைங்க" என்று ஒரு பெரியவர் வழி சொன்னார். சித்தப்பா பையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் கூட வந்துவிட்டான். அப்போதுதான் தங்கை வெடித்தாள். "எங்கூடப் பொறந்தவன் உசுரோட குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப எம்புள்ளை வேற மடியில ஏன் உக்காரணும்? நான் என்ன நாதியத்தவளா?" என்று அழுதாள். பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "நல்லா இருப்ப நீ" என்றாள். வாழ்த்தாக இல்லை. பிறகு பிள்ளையோடு போய்க் காரில் ஏறினாள். மாப்பிள்ளையும் ஏறினார். நான் ஏறப் போனேன். கதவைச் சாத்திவிட்டாள். தஞ்சாவூர் வரைக்கும் பின்னாலேயே பைக்கில் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளை டாக்டரிடம் போக வைத்தது என் காது இல்லை. என் மடி. கேட்காமல் போன காதைக் காட்டி மன்றாடியபோது மசியாதவள், சடங்குக்கு மடி கிடைக்காது என்றதும் கிளம்பினாள். எங்கள் ஜனங்களுக்கு எது உறைக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் என் தாய்மாமன்களில் ஒருத்தர் இப்படி முரண்டு பிடித்திருந்தால் என்ன என்று பைக்கில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

அதே டாக்டரம்மாதான். அதே திரை. பிள்ளையின் ஜவ்வில் ஓட்டை தெரிந்தது. என்னுடையது போலப் பொந்து இல்லை, சின்ன ஓட்டை. எலும்புக்குப் போகவில்லை என்றார். மருந்து கொடுத்தார். "தண்ணி ஒரு சொட்டு போகக் கூடாது. எண்ணெய், இலை, எதுவும் கூடாது. நல்லவேளை கொண்டாந்தீங்க. இவளுக்கு மூடிக்கும்னு நெனைக்கிறேன்" என்றார். தங்கை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டார். பெண்ணின் காது குத்தைப் பார்க்க முடியாமல் போனது என்னால்தான் என்று இன்றைக்கும் அவள் சொல்கிறாள். அது உண்மைதான், என்னால்தான்.

ஓட்டை மூடியது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஆவணியில் பந்தல் இல்லாமல், பிரியாணி இல்லாமல், வீட்டு ஆட்கள் மட்டும் கோயிலுக்குப் போனோம். தங்கையின் மாமனார் வரவில்லை. மாப்பிள்ளை போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. அப்பா என்னோடு பேசவில்லை. வயலில் பூச்சி விழுந்தால் மட்டும் போட்டோ அனுப்புவார், நான் மருந்தின் பெயரை அனுப்புவேன்.

தை மாதம், பொங்கலுக்குத் தங்கையும் பிள்ளையும் வந்திருந்தார்கள். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் களத்தில் கிடந்தது. நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கீழத் தெருவுக்கு வாழ வந்தவள். மடியில் அவள் பையன், காதைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். அப்பா அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார். "பயப்படாத தாயி. எம் பேத்திக்கும் இப்படித்தான். நாந்தான் புழியச் சொன்னேன். இப்ப பாரேன்" என்றவர், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டார். ரொம்ப மெல்ல. பிள்ளை சட்டென்று திரும்பி, "என்ன தாத்தா?" என்றது.

"பாத்தியா!" என்றார் அப்பா.

என் காது இனி உதவாது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையின் காதை எடுத்துக்கொண்டுவிட்டார். தங்கை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. அப்பா இலை பறிக்க எழுந்தார். இனி திரும்பி வரும் வரை பேச மாட்டார்.

நான் பைக்கைத் திருப்பி நிறுத்தினேன். "எந்திரிம்மா, பையனத் தூக்கிக்கிட்டு ஏறு. திருவாரூருக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். பையன் வீறிட்டான். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வைத்தியத்துக்கான மௌனத்தைக் கலைத்துக்கொண்டு என் இடப்பக்கம் வந்து நின்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார் போலிருக்கிறது, தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள், அம்மா வெளியே ஓடி வந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வண்டியைக் கிளப்பினேன்.